சிப்செட்டுக்கு விசிறி தேவையா?

கணினி கேள்வி – பதில்

கோடை தொடங்கியதும் மதர்போர்டின் சூட்டைப் பற்றிய கடிதங்கள் சேர்ந்துவிட்டன. அவற்றுள் சிப்செட் குளிர்விப்பு தொடர்பானவற்றை மட்டும் இந்த இதழில் எடுத்துக்கொள்கிறோம்.

கேள்வி: ஐயா, 2020ஆம் ஆண்டில் வாங்கிய எக்ஸ்570 மதர்போர்டு ஒன்றைப் பயன்படுத்தி வருகிறேன். கிராஃபிக்ஸ் கார்டுக்கு அடியில் இருக்கும் சிறு விசிறி, கணினியைத் தொடங்கும்போதெல்லாம் கிறீச்சிடுகிறது. "அதன் ஒயரைப் பிடுங்கிவிடுங்கள், இப்போது வரும் போர்டுகளில் விசிறியே கிடையாது, ஒன்றும் ஆகாது" என்று கடைக்காரர் சொல்கிறார். பிடுங்கிவிடலாமா?
— வாசகர், கோயம்புத்தூர்

பதில்: பிடுங்க வேண்டாம். இப்போது வரும் போர்டுகளில் விசிறி இல்லை என்பது உண்மைதான். ஆனால் விசிறியை எடுத்தவர்கள் அதன் கீழிருந்த ஹீட் சிங்கையும் (சில்லின் சூட்டை வாங்கிக் காற்றில் விடும் உலோகத் துண்டு) சேர்த்தே மாற்றினார்கள் என்பதை உங்கள் கடைக்காரர் சொல்லாமல் விட்டுவிட்டார்.

முதலில் சூடு எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். யு.எஸ்.பி. இணைப்புகள், சாட்டா வட்டுகள், போர்டிலேயே செருகும் எம்.2 வகை எஸ்.எஸ்.டி.களில் இரண்டாவது, நெட்வொர்க் எனச் செயலியோடு நேரடியாக இணையாத சாதனங்களையெல்லாம் அதனுடன் சேர்த்துவைப்பதே சிப்செட்டின் வேலை. செயலி தயாரிக்கும் ஏ.எம்.டி. நிறுவனத்தின் முந்தைய எக்ஸ்470 சிப்செட் தன் கீழுள்ள சாதனங்களுக்குப் பிசிஐ எக்ஸ்பிரஸ் (போர்டில் சாதனங்களை இணைக்கும் தரவு வழி) 2.0 தடங்களைத்தான் தந்தது. 2019 ஜூலையில் வந்த எக்ஸ்570, இடையிலுள்ள 3.0ஐத் தாண்டி ஒரே தாவலில் 4.0க்குப் போனது, ஒரு தடத்தில் நொடிக்கு 5 கிகா பரிமாற்றம் என்றிருந்தது 16 ஆயிற்று. அவ்வளவு வேகமான மின்குறிகளைச் சிதையாமல் அனுப்பிப் பெறும் சுற்றுகள், தரவு ஓடாத நேரத்திலும் ஓரளவு மின்சாரத்தை இழுத்துக்கொண்டேதான் இருக்கும். போதாக்குறைக்கு, முந்தைய சிப்செட்டுகளின் வடிவமைப்பை ஏஎஸ்மீடியா நிறுவனத்திடம் விட்டிருந்த ஏ.எம்.டி., இந்த ஒன்றை மட்டும் தன் ரைசன் 3000 செயலிகளுக்குள் இருக்கும் உள்ளீட்டு – வெளியீட்டுச் சில்லை அடிப்படையாக வைத்து, 14 நானோமீட்டர் முறையில் தானே உருவாக்கியது. முன்பு 5, 6 வாட் அளவில் இருந்த சிப்செட்டின் வெப்பம் இதனால் 11 வாட்டுக்கு ஏறியது.

செயலியோ 65 வாட், 105 வாட் என்று வெளியிடும்போது 11 வாட் அற்பமாகத் தோன்றலாம். ஆனால் செயலிக்குக் கையளவு உயரமுள்ள கூலர் வைக்க இடமிருக்கிறது; சிப்செட்டோ கிராஃபிக்ஸ் கார்டின் வயிற்றுக்குக் கீழே, விரல் நுழையும் இடைவெளியில் கிடக்கிறது. ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். காற்று தானாகச் சூடேறி மேலெழும் இயல்பை மட்டுமே நம்பினால், உலோகப் பரப்பிலிருந்து ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு, கதிர்வீச்சையும் சேர்த்து ஏறத்தாழ 10 வாட் வெளியேறும். 11 வாட்டை வெளியேற்ற வேண்டும், ஹீட் சிங்க் சுற்றியுள்ள காற்றைவிட 40 டிகிரிக்கு மேல் சூடாகவும் கூடாது என்றால், 275 சதுர சென்டிமீட்டர் பரப்பு தேவை. விசிறி காற்றைத் தள்ளிவிட்டால் அந்த 10 என்பது 40 வரை உயரும்; அப்போது 70 சதுர சென்டிமீட்டர் பரப்பே போதும். உங்கள் போர்டைத் தயாரித்தவர்கள் இந்த இரண்டாவது கணக்கைப் போட்டுத்தான், உள்ளங்கையில் பாதிகூட வராத ஒரு ஹீட் சிங்கை வைத்தார்கள். விசிறியை நிறுத்தினால் பரப்பு அதே சிறியதாக இருக்க, கணக்கு மட்டும் முதலாவதற்குத் திரும்பிவிடும்.

பரப்பு மட்டுமல்ல, தகடுகளின் இடைவெளியும் வேறு. விசிறியின் கீழ் அமையும் ஹீட் சிங்கில் தகடுகள் ஒன்று, இரண்டு மில்லிமீட்டர் இடைவெளியில் நெருக்கமாக நிற்கும். விசிறி நின்றதும், ஒவ்வொரு தகட்டையும் ஒட்டிப் படியும் மெல்லிய வெப்பக் காற்றடுக்கு பக்கத்துத் தகட்டின் அடுக்கோடு கலந்து நின்றுவிடுகிறது. கொடியில் துணிகளை ஒன்றோடொன்று ஒட்டிப் போட்டால் வெளித்துணி மட்டும் காய்வதைப் போல, ஓரத் தகடுகள்தான் வேலை செய்யும். விசிறியில்லாமல் இயங்கவென்றே வடிவமைத்த ஹீட் சிங்கில் தகடுகள் தடிமனாகவும், 6 முதல் 8 மில்லிமீட்டர்வரை விலகியும் நிற்பது இதனால்தான். இது போதாதென்று, விசிறியுள்ள போர்டுகளில் தகடுகளின் மேல் ஓர் அலங்கார மூடி வேறு இருக்கும். விசிறி ஓடும்போது அது காற்றுக்கு வழிகாட்டும், ஓடாதபோது அடைத்துக்கொள்ளும்.

குறை சில்லில் இல்லை, அதன்மேல் வைத்த உலோகத்தில்தான் இருந்தது என்பதற்கு நல்ல சான்று உண்டு. 2019இல் எக்ஸ்570 வந்த அதே காலத்தில், கிகாபைட்டின் ஆரஸ் எக்ஸ்ட்ரீம் என்ற விலையுயர்ந்த போர்டு மட்டும் பெரிய ஹீட் சிங்கோடு விசிறியின்றி வந்தது. 2020 இறுதியில் அசூஸின் கிராஸ்ஹேர் 8 டார்க் ஹீரோ வந்தது. 2021இல் எக்ஸ்570எஸ் என்ற பெயரில் பல நிறுவனங்கள் விசிறியில்லாத போர்டுகளை வெளியிட்டன. எல்லாவற்றிலும் சில் ஒன்றேதான். போர்டின் கீழ்ப்பாதி முழுவதும் பரவிய கனத்த அலுமினியம்தான் புதிது. செலவைக் குறைக்க முதல் சுற்றில் விசிறி வைத்தார்கள் என்பது என் கணிப்பு.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. எச்டபிள்யூஇன்ஃபோ போன்ற ஒரு மென்பொருளில் சிப்செட்டின் வெப்பநிலையைப் பாருங்கள். 60, 70 டிகிரி என்பது இந்தச் சிப்செட்டுக்கு இயல்பான நிலைதான். 80க்கு மேல் தொடர்ந்து நின்றால்தான் கவனிக்க வேண்டும். அடுத்து, கணினியின் மின் இணைப்பைத் துண்டித்து, கிராஃபிக்ஸ் கார்டைக் கழற்றிவிட்டு, விசிறியில் படிந்த தூசியை மெல்லிய தூரிகையால் எடுங்கள். புளோயர் அடிப்பதானால் இறக்கையை ஒரு குச்சியால் பிடித்துக்கொண்டு அடியுங்கள். பிடிக்காமல் அடித்தால் அந்தச் சிறு விசிறி அதன் அளவுக்கு மீறிய வேகத்தில் சுழன்று, ஏற்கெனவே தேய்ந்த பேரிங் முழுவதும் போய்விடும். பயாஸில் சிப்செட் விசிறிக்கு "சைலன்ட்" போன்ற ஓர் அமைப்பு இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். சில போர்டுகளில் குறிப்பிட்ட வெப்பநிலை வரும்வரை விசிறியை நிறுத்தியே வைக்கும் வசதியும் உண்டு. உங்களிடம் ஒரே ஒரு என்விஎம்இ (பிசிஐ எக்ஸ்பிரஸ் வழியே இயங்கும்) எஸ்.எஸ்.டி. இருந்தால், அது செயலியோடு நேரடியாக இணைந்த எம்.2 இடத்தில்தான் இருக்கிறதா என்று போர்டின் கையேட்டில் பாருங்கள். அந்த இடம் பெரும்பாலும் செயலிக்கு மிக அருகில் இருப்பதாகும். கீழுள்ள இடத்தில் மாட்டியிருந்தால் ஒவ்வொரு கோப்பும் சிப்செட் வழியாகவே போய்வரும், சூடும் அங்கேதான் ஏறும்.

இத்தனைக்குப் பிறகும் கிறீச்சிட்டால் விசிறியை மாற்றத்தான் வேண்டும். சில போர்டுகளில் அதன் திருகுகள் போர்டின் பின்பக்கம் இருப்பதால் மதர்போர்டை முழுவதுமாகக் கேபினெட்டிலிருந்து வெளியே எடுக்க நேரும். அந்த வேலைக்குத் துணிந்தபின், சிப்செட்டுக்கும் ஹீட் சிங்குக்கும் இடையிலுள்ள தெர்மல் பேடையும் (வெப்பம் கடத்தும் மெத்தென்ற பட்டை) அதே தடிமனில் புதிதாகப் போட்டுவிடுங்கள். பேட் இருந்த இடத்தில் தெர்மல் பேஸ்ட் (வெப்பம் கடத்தும் பசை) தடவினால், இடைவெளி நிரம்பாமல் நிலைமை முன்பைவிட மோசமாகும்.

கேள்வி: 2005 வாக்கில் நாங்கள் கல்லூரியில் பயன்படுத்திய கணினிகளில் மதர்போர்டின் நடுவில் ஒரு குட்டி விசிறி ஓடிக்கொண்டிருக்கும். பிறகு பல ஆண்டுகள் அது எங்கும் கண்ணில் படவில்லை. இடையில் அது ஏன் மறைந்தது?
— வாசகர், திருச்சி

பதில்: நீங்கள் பார்த்தது பெரும்பாலும் என்விடியாவின் என்ஃபோர்ஸ்4 வகையாக இருந்திருக்கும். 2003இல் வந்த அத்லான் 64 செயலியில் நினைவகக் கட்டுப்பாட்டுச் சுற்றைச் செயலிக்குள்ளேயே ஏ.எம்.டி. வைத்துவிட்டதால், அதுவரை நார்த் பிரிட்ஜ், சவுத் பிரிட்ஜ் என்று இரண்டாக இருந்த சிப்செட்டை ஒரே சில்லாகச் செய்ய வழி பிறந்தது. 2004 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட என்ஃபோர்ஸ்4 அப்படிப்பட்ட ஒற்றைச் சில்லு. இரண்டு சில்லுகளின் வேலையை ஒன்றே செய்தது. அது அமைந்த இடமோ நீளமான கிராஃபிக்ஸ் கார்டின் நேர்கீழே. உயரமான ஹீட் சிங்க் வைக்க வழியில்லாததால் தட்டையான ஹீட் சிங்கும், அதன்மேல் அதிவேகச் சிறு விசிறியும் வந்தன. அந்த விசிறிகளின் இரைச்சலும், ஓரிரு ஆண்டுகளில் அவை பழுதானதும் அன்றைய பயனாளர்களிடையே பெரும் புகாராக இருந்தன.

அடுத்து வந்தது ஹீட் பைப். வெற்றிடமாக்கிய செப்புக் குழாய்க்குள் சிறிதளவு நீர் இருக்கும். சில்லின் பக்கத்தில் அது ஆவியாகி, குளிர்ந்த முனைக்குப் போய் நீராகி, குழாயின் உட்சுவரில் உள்ள திரிபோன்ற அமைப்பின் வழியே திரும்பிவரும். வெப்பத்தை, நெருக்கடியான இடத்திலிருந்து காற்றோட்டமுள்ள இடத்துக்குக் கடத்துவதுதான் இதன் பயன். 2005இல் வந்த அசூஸின் ஏ8என்-எஸ்எல்ஐ பிரீமியம் போர்டில் சிப்செட்டின் வெப்பம் இவ்வாறு செயலியின் பக்கத்தில் உள்ள தகடுகளுக்குப் போயிற்று. அங்கே செயலியின் விசிறி வீசும் காற்று எப்படியும் இருந்தது. அதன்பின் சில ஆண்டுகளுக்கு மதர்போர்டுகளில் செப்புக் குழாய்கள் தாறுமாறாக வளைந்து ஓடின. அவற்றில் பாதி தேவைக்கு, பாதி விளம்பரத்துக்கு.

விசிறியை உண்மையில் விரட்டியது ஹீட் பைப் அல்ல. சிப்செட்டின் வேலையே குறைந்துபோனதுதான் காரணம். 2008 நவம்பரில் முதல் கோர் ஐ7 செயலிகளில் இன்டெல்லும் நினைவகக் கட்டுப்பாட்டைச் செயலிக்குள் கொண்டுவந்தது. ஆனால் கிராஃபிக்ஸ் கார்டுக்கான தடங்கள் வெளியிலேயே இருந்ததால் அவற்றோடு வந்த எக்ஸ்58 சில்லின் வெப்பம் 24 வாட்டாக இருந்தது. 2009 செப்டம்பரில் அந்தத் தடங்களும் செயலிக்குள் போய்விட்டன. உடன் வந்த பி55 சிப்செட்டின் வெப்பம் வெறும் 4.7 வாட். நார்த் பிரிட்ஜ் என்ற ஒன்று அத்தோடு இல்லாமலே போயிற்று. எஞ்சியதைக் குளிர்விக்க ஒரு தீப்பெட்டி அளவு அலுமினியம் போதும். வெப்பம் மறையவில்லை, செயலிக்குள் குடிபுகுந்தது. அங்கே ஏற்கெனவே பெரிய கூலர் இருந்தது. அதனால்தான் ஏறத்தாழ பத்தாண்டுகள் வீட்டுக் கணினிகளின் சிப்செட் விசிறியை யாரும் நினைக்கவேயில்லை. பிசிஐ எக்ஸ்பிரஸ் 4.0 வந்தபோது எக்ஸ்570இல் மட்டும் அது தலைகாட்டியது. 2020 ஜூனில் வந்த ஏ.எம்.டி.யின் பி550, சிப்செட்டின் தடங்களை 3.0 அளவிலேயே நிறுத்திக்கொண்டதால் விசிறியின்றித் தப்பியது.

கேள்வி: எங்கள் ஊர் வெயில் உங்களுக்குத் தெரியும். மே மாதத்தில் பகலில் அறைக்குள்ளேயே 38 டிகிரி இருக்கிறது, குளிர்சாதனமும் இல்லை. இப்படிப்பட்ட இடத்தில் விசிறியில்லாத சிப்செட்டை நம்பலாமா?
— வாசகர், வேலூர்

பதில்: நம்பலாம். ஆனால் எதை நம்புகிறோம் என்பதைத் தெரிந்துகொண்டு நம்ப வேண்டும்.

ஹீட் சிங்கோ விசிறியோ சில்லை அறையைவிடக் குளிர்ந்த நிலைக்குக் கொண்டுபோக முடியாது. சுற்றியுள்ள காற்றைவிட எத்தனை டிகிரி மேலே நிற்க வேண்டும் என்பதை மட்டுமே அவை தீர்மானிக்கின்றன. அறை 25 டிகிரியாக இருந்தபோது 55 டிகிரி காட்டிய சில், அறை 38 ஆகும்போது 68 காட்டும். விசிறி வைத்த சில்லும் இதே 13 டிகிரி ஏறும். ஆகவே உங்கள் ஊர் வெயில் இந்த இரண்டில் ஒன்றுக்குத் தனியாகப் பகையல்ல. நவீனச் சிப்செட்டுகள் 6, 7 வாட் அளவிலேயே இருப்பதால் அந்த 13 டிகிரியைத் தாங்க அவற்றுக்கு இடமிருக்கிறது.

சிக்கல் எழுவது கேபினெட்டுக்குள். சிப்செட்டின் ஹீட் சிங்க் சந்திப்பது அறைக் காற்றை அல்ல. கிராஃபிக்ஸ் கார்டும் செயலியும் சூடாக்கிவிட்ட உள்காற்றை. காற்று வெளியேற வழியில்லாத கேபினெட்டில் அது அறையைவிட 10, 15 டிகிரி கூடுதலாக இருக்கக்கூடும். விசிறியில்லாத ஹீட் சிங்க் என்பது உண்மையில் பிறருடைய காற்றைக் கடன் வாங்கி வாழ்வது. முன்பு செயலியோடு பெட்டியில் வந்த வட்டமான கூலர்கள் காற்றை மேலிருந்து கீழாகப் போர்டின்மீது அடித்தன. அந்தக் காற்று நாலாபுறமும் சிதறி, பக்கத்திலுள்ள ஹீட் சிங்குகளையெல்லாம் தொட்டுக்கொண்டு போகும். இப்போது பலர் அதை எடுத்துவிட்டு, காற்றைப் போர்டுக்கு இணையாகப் பின்பக்கம் தள்ளும் கோபுரக் கூலரையோ, நீர்க் குளிர்விப்பையோ பொருத்துகிறார்கள். செயலி குளிர்கிறது, போர்டின் மற்ற பகுதிகள் முன்பு இலவசமாகப் பெற்றுவந்த காற்றை இழக்கின்றன. அத்தகைய மாற்றத்துக்குப் பிறகு, சிப்செட்டின் வெப்பநிலையை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

உங்களுக்கு நான் சொல்வது, கேபினெட்டின் முன்பக்கத்தில், கீழ்ப்பகுதியில், 120 மில்லிமீட்டர் விசிறி ஒன்றை மெதுவான வேகத்தில் ஓடவிடுங்கள். ஒரே வடிவமுள்ள விசிறிகளில் காற்றின் அளவு வேகத்துக்கு நேர்விகிதமாகவும், விட்டத்தின் மும்மடிக்கு நேர்விகிதமாகவும் கூடும். 40 மில்லிமீட்டர் விசிறி நிமிடத்துக்கு 5,000 சுற்றில் அலறிக்கொண்டு தள்ளும் காற்றைப்போல ஏறத்தாழ நான்கு மடங்கை, 120 மில்லிமீட்டர் விசிறி வெறும் 700 சுற்றில், காதுக்கு எட்டாத ஓசையோடு தள்ளிவிடும். அந்தக் காற்று சிப்செட், எஸ்.எஸ்.டி., கிராஃபிக்ஸ் கார்டு மூன்றையும் தொடும். கணினியை மர மேசையின் மூடிய அறைக்குள் வைத்திருந்தால், வேறு எதையும் செய்வதற்கு முன் அதை வெளியே எடுங்கள்.

கேள்வி: சிப்செட் ஹீட் சிங்குகளுக்குக் கறுப்பு நிறம் பூசுவது அழகுக்காகத்தானே?
— வாசகர், தஞ்சாவூர்

பதில்: முழுக்க அப்படியல்ல. பளபளக்கும் வெற்று அலுமினியம், கதிர்வீச்சாக மிகக் குறைந்த வெப்பத்தையே வெளியிடும். கரும்பொருள் (கதிர்வீச்சை முழு அளவில் வெளியிடும் கற்பனைப் பரப்பு) ஒன்று வெளியிடுவதில் பத்தில் ஒரு பங்குகூட இராது. ஆனோடைஸ் செய்த, அதாவது மின்சாரத்தால் ஆக்சைடு படலம் ஏற்றிய பரப்பு, பத்தில் எட்டுப் பங்கு வரை வெளியிடும். விசிறி ஓடும் இடத்தில் இது கணக்கில் வராது. காற்று அசையாத இடத்தில் வெப்ப வெளியேற்றத்தில் கதிர்வீச்சின் பங்கு கணிசமானது என்பதால் அங்கே பயன் உண்டு. ஆனால் பயன் தருவது ஆனோடைஸ் படலமே, நிறம் அல்ல. அறை வெப்பநிலையில் வெப்பம் அகச்சிவப்பாக வெளியேறுவதால், நீலமோ சிவப்போ பூசிய ஆனோடைஸ் பரப்பும் ஏறத்தாழ அதே வேலையைச் செய்யும்.

கேள்வி: எங்கள் கணக்கர் அலுவலகத்தில் ஜி41 சிப்செட் உள்ள பழைய போர்டு ஒன்று இன்னும் ஓடுகிறது. பழைய பிரின்டர் ஒன்றுக்காக அதை மாற்றாமல் வைத்திருக்கிறோம். செயலிக்கும் ரேமுக்கும் நடுவிலுள்ள ஹீட் சிங்கில் விரல் வைக்க முடியவில்லை. மதியத்தில் கணினி உறைந்து நின்றுவிடுகிறது. அதன்மேல் ஒரு சிறு விசிறி வைக்கலாமா?
— வாசகர், ஈரோடு

பதில்: இங்கே வைக்கலாம், வைப்பது நல்லதும்கூட. ஜி41இல் நினைவகக் கட்டுப்பாடும் கிராஃபிக்ஸும் நார்த் பிரிட்ஜுக்குள்ளேயே இருப்பதால், அதன் வெப்பம் 25 வாட்டாகக் குறிக்கப்பட்டிருக்கிறது; எக்ஸ்570ஐப்போல இருமடங்குக்கும் மேல். அத்தனையையும் விசிறியில்லாத ஓர் அலுமினியத் துண்டின் தலையில் கட்டியது, செயலியின் விசிறிக் காற்று அதன்மீது சிதறும் என்ற நம்பிக்கையில்தான். விரலை ஒரு நொடிக்குமேல் வைக்க முடியவில்லை என்றால் உலோகம் 60 டிகிரியை ஒட்டியோ தாண்டியோ இருக்கிறது. உள்ளே சில் அதைவிடச் சூடாக இருக்கும்.

ஆனால் விசிறியை வாங்குவதற்குமுன் இரண்டைச் சரிபாருங்கள். ஒன்று, செயலியின் கூலர் தூசியடைத்து மெதுவாக ஓடுகிறதா என்பது. அப்படி இருந்தால் நார்த் பிரிட்ஜுக்குப் போக வேண்டிய காற்றே அங்கு அடைபட்டிருக்கும். மற்றொன்று, நார்த் பிரிட்ஜ் ஹீட் சிங்குக்கு அடியில் ஆலையில் வைத்த பூச்சு. இத்தனை ஆண்டுகளில் அது காய்ந்து கல்லாகிப் போயிருக்க வாய்ப்பு அதிகம். ஹீட் சிங்க் இருபுறமும் ஸ்பிரிங் உள்ள பிளாஸ்டிக் ஊசிகளாலோ, போர்டில் பற்றவைத்த கொக்கிகளில் மாட்டிய கம்பியாலோ பிடித்திருக்கும். பிளாஸ்டிக் ஊசிகள் பழையதானால் தொட்டதும் முறியும் என்பதால் மாற்று ஊசிகளைக் கையில் வைத்துக்கொண்டு தொடங்குங்கள். கம்பியானால் கொக்கியை மேலே நெம்பாதீர்கள், பற்றவைத்த இடம் பெயர்ந்துவிடும். கழற்றும்முன் கணினியைக் கால் மணிநேரம் ஓடவிட்டுச் சூடேற்றி, பிறகு மின் இணைப்பைத் துண்டித்துவிட்டு, ஹீட் சிங்கை இடமும் வலமுமாக மெதுவாகத் திருகினால் ஒட்டியிருக்கும் பூச்சு விட்டுக்கொடுக்கும். நேராக மேல்நோக்கி இழுக்கக் கூடாது. நார்த் பிரிட்ஜ் சில்லுக்கு மேல்மூடி கிடையாது; திரும்பப் பொருத்தும்போது ஹீட் சிங்க் சாய்ந்து விழுந்தால், சிலிக்கனின் மூலை உடைந்துபோகும், அதன்பின் செய்வதற்கு எதுவுமில்லை. பழைய பூச்சை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டு, அரிசி அளவு தெர்மல் பேஸ்ட் வைத்தால் போதும்.

அதன்பின் 40 அல்லது 60 மில்லிமீட்டர் விசிறியைத் தகடுகளின்மேல், காற்று கீழ்நோக்கி அடிக்கும்படி வைத்து, கேபிள் டையால் கட்டிவிடலாம். இடமிருந்தால் 60 மில்லிமீட்டரையே எடுங்கள். இணைப்பைப் போர்டிலுள்ள மூன்று ஊசி விசிறி இணைப்பில் கொடுங்கள். இங்கே விசிறி பரிந்துரைத்ததற்குக் காரணம், ஹீட் சிங்க் விசிறியில்லாமல் ஓடவே செய்யப்பட்டது, ஆகவே விசிறி நின்றாலும் நிலைமை இன்றைக்கு இருப்பதைவிடக் கெடாது என்பதுதான். கோயம்புத்தூர் வாசகரின் நிலை இதற்கு நேர்மாறானது.

கேள்வி: சிப்செட் விசிறி இரண்டாவது முறையாகப் பழுதாகிவிட்டது. எங்கள் வீடு கடற்கரைக்கு அருகில் உள்ளது. எந்த வகை விசிறி வாங்கினால் நீடிக்கும்?
— வாசகர், தூத்துக்குடி

பதில்: விலை மலிந்த சிறு விசிறிகளில் பெரும்பாலானவை ஸ்லீவ் பேரிங் வகை: ஓர் அச்சு, எண்ணெய் ஊறிய ஒரு குழல், அவ்வளவுதான். எண்ணெய் உலர்ந்ததும் ஆயுள் முடிந்தது. பேரிங்கின் வெப்பநிலை ஒவ்வொரு 10 டிகிரி கூடும்போதும் மசகின் ஆயுள் பாதியாகும் என்பது பொதுவாகக் கொள்ளும் கணக்கு. சிப்செட் விசிறியோ சூடான உலோகத்தின்மேலேயே உட்கார்ந்திருப்பது. அதனால் அந்த இடத்துக்கு இரட்டை பால் பேரிங் (அச்சு சிறு உலோகக் குண்டுகளின்மேல் சுழலும் வகை) விசிறியையே தேடுங்கள். சற்று இரையும், ஆனால் சூட்டைத் தாங்கும். கடலோர ஈரப்பதத்தில் தூசி இறக்கைகளில் களிபோல் ஒட்டிக்கொண்டு சமநிலையைக் கெடுப்பதால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை துடைத்துவிட வேண்டியிருக்கும்.

ஆனால் சிப்செட் விசிறிகளில் பல, அந்தப் போர்டுக்கென்றே செய்த வடிவம் கொண்டவை. திருகுத் துளைகளின் இடைவெளி, சட்டத்தின் தடிமன், இணைப்பியின் அளவு எல்லாம் மாறும். பழையதைக் கையோடு கொண்டுபோய், சென்னை ரிட்சி தெரு போன்ற உதிரிபாகச் சந்தையில் வைத்துப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். படத்தைப் பார்த்து இணையத்தில் வாங்கினால் பெரும்பாலும் பொருந்தாது. கிடைக்கவில்லை என்றால், உயரத்துக்கு இடமிருக்கும் பட்சத்தில், துளை இடைவெளிக்குப் பொருந்தும் உயரமான விசிறியில்லா ஹீட் சிங்கை வாங்கிப் பொருத்தி, கேபினெட் விசிறியின் காற்று அதைத் தொடும்படி செய்யுங்கள். வாங்குமுன், துளைகளின் நடுவிலிருந்து நடுவுக்கு உள்ள தூரத்தையும், கிராஃபிக்ஸ் கார்டு வரையுள்ள உயரத்தையும் அளவுகோலால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: புதுக் கணினி வாங்கப்போகிறேன். விசிறியுள்ள சிப்செட்டா, இல்லாததா?
— வாசகர், புதுச்சேரி

பதில்: இன்று வீட்டுக் கணினிகளுக்கான போர்டுகளில் விசிறியுள்ளதைத் தேடினாலும் எளிதில் கிடைக்காது. இன்டெல்லின் இசட்690 சிப்செட் 6 வாட்தான். ஏ.எம்.டி. 2022இல் எக்ஸ்670 வகையை உருவாக்கியபோது, ஒரே பெரிய சில்லுக்குப் பதிலாக இரண்டு சிறு சில்லுகளைத் தள்ளித்தள்ளி வைத்தது. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 7 வாட் என்பதால் வெப்பம் ஒரே இடத்தில் குவியாமல் பரவுகிறது, விசிறியும் தேவைப்படவில்லை.

நீங்கள் பார்க்க வேண்டியது அந்த ஹீட் சிங்கின் தரத்தைத்தான். பெயர் பொறித்த, விளக்கு மின்னும் மூடியைக் கண்டு மயங்காமல், அதன் கீழே தகடுகளோ வரிப்பள்ளங்களோ இருக்கின்றனவா, வெறும் வழவழப்பான தட்டுதானா என்று பாருங்கள். தட்டையான கட்டி வெப்பத்தைச் சற்றுநேரம் தேக்கி வைக்கும், வெளியேற்றுவதற்கு அதனிடம் பரப்பு கிடையாது. பள்ளங்கள் இருந்தால், கேபினெட்டில் போர்டு நிமிர்ந்து நிற்கும்போது அவை மேலும் கீழுமாக ஓடுகின்றனவா என்றும் கவனியுங்கள். குறுக்காக ஓடினால் சூடான காற்று மேலெழ முடியாமல் தடுபடும். சிப்செட்டின் ஹீட் சிங்கும் எஸ்.எஸ்.டி.யின் ஹீட் சிங்கும் ஒரே உலோகத் துண்டாக இருக்கும் போர்டுகளில், எஸ்.எஸ்.டி.யின் சூடு சிப்செட்டுக்கும் சிப்செட்டின் சூடு எஸ்.எஸ்.டி.க்கும் போய்ச்சேரும். இரண்டும் தனித்தனியாக உள்ள போர்டு அதே விலையில் கிடைத்தால் அதை எடுத்துக்கொள்ளுங்கள்.